மக்டலீன் அக்காவின் வடக்குப் பேச்சு

மக்டலீன் அக்காவைத் தெரியாத கத்தோலிக்கத் தமிழர் ஒஸ்லோவில் குறைவு. கோயில் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்பவர். குரல் பெரியது. சுருதி சில வேளைகளில் தன்பாட்டுக்குப் போகும். ஆனால் அவர் பேர்போனது பாட்டால் அல்ல, நோர்வே மொழி பேசும் விதத்தால்.

மன்னார்த் தீவில் பேசாலை அவருடைய ஊர். கணவர் செபஸ்ரியன் அண்ணை எண்பத்தைந்தில் நோர்வேக்குப் படிக்க வந்து, பிறகு வேலை தேடி நாட்டின் வடக்கு உச்சியில் இருக்கும் ஹம்மர்பெஸ்டுக்குப் போனவர். எண்பத்தேழில் அக்காவும் அங்கே போய்ச் சேர்ந்தார். வந்த கிழமையே மீன் தொழிற்சாலையில் அவருக்கு வெள்ளைத் தொப்பியும் நீளச் சப்பாத்தும் கொடுத்து, மீன் வெட்டும் மேசையில் நிற்பாட்டினார்கள். அந்த மேசைதான் அவருக்குப் பள்ளிக்கூடம். வலப்பக்கமும் இடப்பக்கமும் நின்று மீன் வெட்டிய ஹம்மர்பெஸ்ட் பெண்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் அவர் மொழி படித்தார்.

அந்தப் பெண்கள் பேசியது வடக்குப் பேச்சு. ஒஸ்லோப் பேச்சு வேறு. ‘என்ன’ என்பதற்கு ஒஸ்லோக்காரர் ‘வா’ என்பார்கள், ஹம்மர்பெஸ்டில் ‘கா’. ஒஸ்லோவில் ‘யாய்’ என்றால் ‘நான்’. வடக்கிலோ வாயைத் திறந்து ‘ஏ’ என்று ஒரு சத்தம் போட்டால் போதும், அதுதான் ‘நான்’. நாங்கள் ‘இஞ்சை வாங்கோ’ என்று சொல்வதைக் கேட்டுத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் புன்னகைப்பார்களே, அதேமாதிரித்தான் வடக்குப் பேச்சைக் கேட்டு ஒஸ்லோக்காரர் புன்னகைப்பார்கள். அது ஒரு தமிழ்ப் பெண்ணின் வாயிலிருந்து வந்தால் புன்னகையோடு நிற்காது. ஒருமுறை அக்கா டிக்கெட் கேட்டபோது பஸ் சாரதி எழும்பி நின்று பார்த்தாராம்.

குடும்பம் தொண்ணூற்றேழில் ஒஸ்லோவுக்கு இடம்பெயர்ந்து மோர்டென்ஸ்ருட்டில் வீடெடுத்தது. அண்ணைக்குத் தபால் பிரிக்கும் வேலை. அக்காவுக்கு நகர நடுவில் ஒரு சின்ன ஹோட்டலில், காலைச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை. அவர்களுக்கு ஒரே மகள் நிலூஜா. ஹம்மர்பெஸ்ட் ஆஸ்பத்திரியில் பிறந்தவள், ஒஸ்லோவுக்கு வரும்போது ஒன்பது வயது. புதுப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள் அவள் வாயைத் திறந்ததும் வகுப்பே சிரித்தது. கறுப்புப் பிள்ளை என்பதற்காக இல்லை, அந்த வகுப்பில் பாதிப்பேர் வெளிநாட்டுப் பிள்ளைகள். வடக்குப் பேச்சுக்காகத்தான் சிரித்தார்கள். டிசம்பரில் நத்தார் வருவதற்குள் நிலூஜா ஒஸ்லோப் பேச்சுக்கு மாறிவிட்டாள். வடக்கின் ஒரு எழுத்துக்கூட அவள் வாயில் மிஞ்சவில்லை.

அதற்குப் பிறகு தாயின் பேச்சு அவளுக்கு வெட்கமாகிப் போனது.

“அம்மா, இண்டைக்கு ஸ்கூல் மீற்றிங்கில ‘கா’ எண்டு கேக்காதேங்கோ, பிளீஸ்.”

“அப்ப என்னெண்டு கேக்கிறது?”

“ஒண்டும் கேக்காதேங்கோ. சும்மா தலையாட்டுங்கோ.”

அக்கா தலையாட்டுகிற ஆள் இல்லை. மீற்றிங்கில் எழும்பி நின்று, மதியச் சாப்பாடு ஏன் சூடாகக் கொடுப்பதில்லை என்று வடக்குப் பேச்சில் விசாரித்துவிட்டு வந்தார்.

யுத்தம் ஓய்ந்து பாதை திறந்த 2002 கோடையில் மூன்று பேரும் பேசாலைக்குப் போனார்கள். நிலூஜாவுக்கு அப்போது பதினான்கு. அம்மாவின் ஊர், தன்னுடைய ஆட்கள், தன்னுடைய மொழி என்று பெரிய ஆசையோடு போனாள். அக்காவின் தங்கை மேரியம்மாவுக்கு ஜெனிதா என்று ஒரு மகள், நிலூஜாவின் வயதுதான். போன முதல் நாளே, முற்றத்தில் காலில் முள் ஏற, “ஐயோ, என்ரை மாதாவே, தாயே!” என்று நிலூஜா கத்தினாள். ஜெனிதாவும் அயல் பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஊரில் கிழவிகள்தான் அப்படிக் கத்துவார்களாம். நிலூஜாவிடம் இருந்த தமிழ், தாய் எண்பத்தேழில் விமானத்தில் கொண்டுவந்த தமிழ். ஊர்த் தமிழ் அதற்குள் பதினைந்து வருசம் நடந்து போய்விட்டது. அன்றோடு அவளுக்கு ‘ஆச்சி’ என்று பட்டம் விழுந்தது.

அதையாவது தாங்கலாம். எல்லாரும் நிலத்தில் இருந்து சாப்பிட அவளுக்கு மட்டும் கதிரை. எல்லாருக்கும் கிணற்றுத் தண்ணீர், அவளுக்கு மட்டும் சோடா. ரோட்டில் கண்டவர் எல்லாம் இரண்டே கேள்விதான் கேட்டார்கள். “எப்ப வந்தனீங்கள்?” பதில் சொல்லி முடிப்பதற்குள், “எப்ப போறீங்கள்?”

திரும்பி வந்தவள் பெட்டியை அறைக்குள் தள்ளிவிட்டுத் தாயிடம் சொன்னாள். “நான் இனி அங்கை வரேல்ல. இஞ்சை வாய் திறந்தாலும் சிரிக்கினம், அங்கை திறந்தாலும் சிரிக்கினம்.” அன்றிலிருந்து வீட்டில் தமிழில் கேட்டதற்கெல்லாம் அவள் நோர்வே மொழியில் பதில் சொல்லத் தொடங்கினாள். அக்கா சனிக்கிழமைப் பாட்டுப் பயிற்சியில் மட்டும் என்னிடம் குறைப்பட்டுக்கொள்வார்.

அடுத்த வருசம் யூலையில் அந்த அமெரிக்கப் பெண் வந்தார்.

ஹோட்டலில் ஒரு காலை. சாப்பாட்டுக் கூடத்தில் பாண் கூடைக்கு முன்னால் உயரமான ஒரு பெண் நின்றிருந்தார். நரை விழுந்த பொன்முடி, நீலக் கண். அந்த யூலை வெயிலிலும், வெள்ளியில் கொக்கி வைத்த நோர்வேக் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். ஆள் உள்ளூர்தான் என்று நினைத்து, அக்கா கேத்தலோடு போய் வழக்கம்போலக் கேட்டார்.

“கா டு வில் ஹா? காப்பியா, தேத்தண்ணியா?”

என்ன வேணும் என்பதுதான் அது. அந்தப் பெண்ணின் கையிலிருந்த கரண்டி கோப்பைத் தட்டில் விழுந்தது. ஏதோ பிழை விட்டோம் என்று அக்கா பயந்துபோனார்.

“இன்னொருக்காக் கேளுங்கோ” என்றார் அந்தப் பெண். சொன்னது வடக்குப் பேச்சில், அமெரிக்க இழுவையோடு.

அக்கா இன்னொருக்காக் கேட்டார். அந்தப் பெண் அழவும் சிரிக்கவும் தொடங்கிவிட்டார். பக்கத்து மேசை யப்பானியர்கள் எழும்பி இடம் மாறி இருந்தார்கள்.

அவர் பெயர் லொறெய்ன். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் பிறந்து வளர்ந்தவர். தகப்பன் எட்வின் ஹம்மர்பெஸ்ட்காரர். இளவயதிலேயே கப்பலேறிப் போய் அங்கே மீன்பிடித் தொழில் செய்தவர், திரும்பி வரவேயில்லை. வீட்டில் அவர் வடக்குப் பேச்சில் கேட்க, மகள் இங்கிலிஷில் பதில் சொல்வாள். ஒவ்வொரு காலையும் சாப்பாட்டு மேசையில் அவர் கேட்ட முதல் கேள்வி ‘கா டு வில் ஹா’தான். போன மாரியில் அவர் காலமாகிவிட்டார். அதற்குப் பிறகுதான் லொறெய்னுக்குத் தகப்பனின் நாட்டைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. தகப்பனிடம் கேட்டு வைத்திருந்த மொழியைப் பொறுக்கிச் சேர்த்து, கடையிலும் ரயிலிலும் பேசிப் பார்த்திருக்கிறார். எல்லாரும் மரியாதையாகச் சிரித்துவிட்டு இங்கிலிஷில் பதில் சொன்னார்கள். அவர் ஒரு வசனத்தைச் சிரமப்பட்டுக் கட்டி முடிப்பதற்குள் இங்கிலிஷ் வந்து விழுந்துவிடும். அந்த நாட்டில் அவரோடு இங்கிலிஷ் பேசாத முதல் ஆள் மக்டலீன் அக்காதான்.

“நான் எங்கை இங்கிலிஷ் கதைக்கிறது?” என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னார். “பால், சீனி, லிப்ட், குட் மோர்னிங். அதோட என்ரை இங்கிலிஷ் முடிஞ்சுது.”

அடுத்தடுத்த காலைகளில் லொறெய்ன் எல்லாரும் சாப்பிட்டுப் போகும்வரை காத்திருந்து, அக்கா மேசை துடைக்கத் துடைக்கப் பின்னாலேயே நடந்து கதைத்தார். தகப்பனின் தமையன் மகன் ஒருவர் ஒஸ்லோவில் இருக்கிறாராம், பெயர் ஒட்வார். ஒவ்வொரு நத்தாருக்கும் வாழ்த்து மட்டும் போய்வரும், நேரில் கண்டதில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறார். லொறெய்ன் துடைத்த மேசையைத் தானும் ஒருமுறை கையால் துடைத்துவிட்டு, “நீங்களும் வாங்கோ” என்றார்.

“நானா? அது உங்கடை சொந்தமெல்லோ. நான் ஆரெண்டு வாறது?”

“நீங்கள் என்ரை அப்பா மாதிரிக் கதைக்கிறீங்கள். பக்கத்தில நீங்கள் இருந்தா எனக்குப் பயமில்லை.”

அக்கா ஓமென்றுவிட்டார். ஆனால் லொறெய்னின் வடக்குப் பேச்சு பாதியில் நின்றால் இங்கிலிஷுக்கு ஆள் வேண்டுமே. வீட்டுக்கு வந்து நிலூஜாவைக் கேட்டார்.

“அம்மா, அவ அமெரிக்கன். அவையின்ரை ஃபமிலி விசயத்துக்குள்ள நாங்கள் ஏன்?” என்று அவள் நோர்வே மொழியில் கேட்டாள்.

“அவவுக்கு ஒருத்தருமில்லையடி, பிள்ளை.”

“டின்னர் என்னவாம்?”

அது தெரியாது என்றார் அக்கா. நிலூஜா வர ஒப்புக்கொண்டது இரக்கத்தாலா, வேறு வேலை இல்லாததாலா என்பதில் தாயும் மகளும் இன்றுவரை ஒத்துப்போவதில்லை.

ஒட்வாரின் வீடு பூலரில். மோர்டென்ஸ்ருட்டுக்குப் போகும் அதே ரயில் பாதையில், மூன்று தரிப்புக்கு முன்னால். அக்கா ஒவ்வொரு நாளும் அந்த வீட்டைக் கடந்துதான் போய் வந்திருக்கிறார். ரயிலில் லொறெய்ன் மடியில் ஒரு தகரப் பெட்டியை வைத்துக்கொண்டு இருந்தார். தானே சுட்ட நோர்வேப் பலகாரமாம். மூடியைத் திறந்ததும் ஏலக்காய் வாசம் வந்தது. பூ அச்சுப் பதிந்த மெல்லிய சுருள்கள். “எங்கடை அச்சுப் பலகாரம் கொக்கிஸின்ரை தங்கச்சி போல கிடக்கு” என்றார் அக்கா. நிலூஜா அதை இங்கிலிஷில் சொல்வதற்குக் கொஞ்சம் கஷ்டப்பட்டாள்.

லொறெய்ன் அவளுக்குத் தன் பள்ளிக்கூடக் காலத்தைச் சொன்னார். தகப்பன் கட்டிக் கொடுத்த காய்ந்த மீனைச் சாப்பாட்டு வேளையில் திறந்தால் வகுப்பு மூக்கைப் பொத்துமாம். ‘நோர்வேக்காரி’ என்பது பட்டம். இங்கே வந்து இறங்கியதும், வாயைத் திறக்க முதலே ‘அமெரிக்காவா?’ என்று கேட்கிறார்கள்.

“வாய் திறக்க முதலே எப்பிடித் தெரியுது?” என்று நிலூஜா கேட்டாள்.

“இந்தச் சட்டையாலதானாம். நோர்வேக்காரர் ஒருத்தரும் யூலையில இதைப் போடமாட்டினமாம்.”

நிலூஜா சிரித்துவிட்டாள். பேசாலைக்குப் போன முதல் ஞாயிறு, கோயிலுக்குப் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு போனவள் அவள். அங்கே ஜெனிதாவும் மற்றவர்களும் சுடிதாரில் நின்றார்கள். அதை அவள் லொறெய்னுக்குச் சொன்னாள். வீட்டில் ஒருவருக்கும் சொல்லாத கதை. பக்கத்தில் இருந்த அக்காவுக்கு இங்கிலிஷ் விளங்கவில்லை, ‘பேசாலை’ என்ற சொல் மட்டும் விளங்கியது.

கதவைத் திறந்தவர் ஒட்வாரின் மனைவி பெரித். கை குலுக்கி, உள்ளே அழைத்து, இங்கிலிஷில் அன்பாகக் கேட்டார். “எப்போது வந்தீர்கள்? எப்போது போகிறீர்கள்?”

நிலூஜாவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. சப்பாத்துக் கழற்றுகிற சாட்டில் குனிந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். லொறெய்ன் அவளைக் குனிந்து பார்த்து, ஏனென்று கேட்காமலே தானும் சிரித்தார்.

ஒட்வார் எழுபது கடந்தவர். இஸ்திரி போட்ட சட்டை, அளந்து வைத்ததுபோலப் பேச்சு. லொறெய்ன் அவர் முன்னால் நின்று, ரயில் முழுக்க முணுமுணுத்துப் பழகிய வசனத்தைத் தகப்பனின் பேச்சிலேயே சொன்னார். “நான் எட்வின்ரை மகள்.”

ஒட்வார் தலையசைத்து, “எங்கள் வீட்டுக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்” என்றார். சுத்தமான ஒஸ்லோப் பேச்சு, வானொலியில் செய்தி வாசிப்பதுபோல. லொறெய்னுக்கு அதில் பாதி விளங்கவில்லை. முகம் வாடிவிட்டது. தகப்பனின் சொந்தத் தமையன் மகனுக்கே தகப்பனின் பேச்சு இல்லை.

மேசையில் டாக்கோ, இறைச்சி வைத்து மடித்துத் தின்னும் மெக்சிக்கோ ரொட்டி. அன்று வெள்ளிக்கிழமை. நோர்வேயில் பாதி வீடுகளில் வெள்ளிக்கிழமை டாக்கோதான். ஆனால் லொறெய்ன், தகப்பன் சொன்ன மீனையும் உருளைக்கிழங்கையும் மனதில் வைத்து வந்தவர். “சியாட்டிலில் எங்கள் தெருமுனையில் டாக்கோக் கடை இருக்கிறது” என்று மெல்லச் சொன்னார். நிலூஜா அதை மொழிபெயர்க்காமல் விட்டாள்.

சாப்பாடு நடந்தது. ஒட்வாருக்கு இங்கிலிஷ் குறைவு. காலநிலை, விமானம், மறுபடி காலநிலை. நிலூஜா இங்கிலிஷையும் ஒஸ்லோப் பேச்சையும் மாறிமாறிச் சுமந்தாள். பேச்சு ஓய்ந்த ஒரு நேரத்தில், மரியாதைக்காக ஒட்வார் அக்காவின் பக்கம் திரும்பினார்.

“நீங்கள் வடக்குப் பேச்சுப் பேசுகிறீர்களே. எங்கே கற்றுக்கொண்டீர்கள்?”

“ஹம்மர்பெஸ்டிலதான். மீன் தொழிற்சாலையில” என்றார் அக்கா. கூடத்தில் கனத்துக் கிடந்த அமைதியைப் பார்க்கச் சகிக்காமல், தன் முதல் நோர்வேச் சொல்லின் கதையை எடுத்துவிட்டார்.

தொழிற்சாலையில் மீன் ஓடிவரும் பட்டி அடிக்கடி நின்றுவிடும். நிற்கும்போதெல்லாம் அந்தப் பெண்கள் ஒரே ஒரு சொல்லைக் கத்துவார்கள். ‘பட்டி நிண்டு போச்சு’ என்பதற்கு அதுதான் சொல்லாக்கும் என்று அக்கா மனதில் எழுதிக்கொண்டார். ஒருநாள் மேலாளர், வெளியூர்ப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு பார்வையிட வந்த நேரம் பட்டி நின்றுவிட்டது. மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் சொல்கிறார்கள் இல்லையே என்று அக்கா ஓடிப்போய், மேலாளருக்கு முன்னால் கையைக் கட்டி, பணிவாகச் சிரித்து, அந்தச் சொல்லைச் சொன்னார்.

“என்ன சொல்?” என்று பெரித் கேட்டார்.

அக்கா மகளைப் பார்த்தார். நெற்றியில் சிலுவை போட்டார். சொன்னார்.

அதை இங்கே எழுத முடியாது. குதிரை சம்பந்தப்பட்டது. அதற்குமேல் கேட்க வேண்டாம்.

பெரித்தின் கரண்டி வாய்க்குப் போகும் வழியில் நின்றது. நிலூஜா கண்ணை மூடிக்கொண்டாள். அப்போது லொறெய்ன் மேசையைத் தட்டிக் கத்தினார்.

“அது அப்பாவின்ரை சொல்! சுத்தியல் விரலில பட்டா அதைத்தான் சொல்லுவார்! ‘நோகுது’ எண்டதுக்கு நோர்வேயில அதுதானாக்கும் எண்டு நான் நினைச்சன். ஞாயிறு மறைக்கல்வியில விழுந்து முழங்கால் உரஞ்சி, பாஸ்டருக்கு முன்னால சொன்னனான்!”

ஒட்வாரின் தோள் குலுங்கியது. முதலில் இருமல் என்று நினைத்தார்கள். பிறகு தலையை மேசையில் வைத்துச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவர் வாயிலிருந்து வந்தது வேறு ஒரு குரல்.

“எங்கடை அப்பரும் அதைத்தான் சொல்லுவார். தோணி ஏறும்போதும் சொல்லுவார், இறங்கும்போதும் சொல்லுவார். பாதிரியார் வீட்டை மட்டும் சொல்லாமல் வருவார்.”

அது ஹம்மர்பெஸ்ட் பேச்சு. பெரித் கரண்டியைக் கீழே வைத்தார். கலியாணம் கட்டி நாற்பது வருசத்தில், தன் முன்னால் கணவர் அப்படிப் பேசி அவர் கேட்டதேயில்லை. தமையனோடு தொலைபேசியில் கதைக்கும்போது மட்டும் ஒட்வார் வாசல் நடைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாராம்.

பிறகு அவர் சொன்னார். போர்க் காலத்தில் ஜெர்மன்காரர் பின்வாங்கும்போது ஹம்மர்பெஸ்ட் முழுவதையும் எரித்துவிட்டுப் போனார்கள். அவருக்கு அப்போது பதினாலு வயது. குடும்பம் தெற்கே வந்தது. ஐம்பதுகளில் ஒஸ்லோவில் வேலை கிடைத்து, அறை தேடி அலைந்தார். கதவைத் திறப்பார்கள், இவர் வாயைத் திறப்பார், அவர்கள் கதவை மூடுவார்கள். வடக்கத்தியாருக்கு அறை இல்லை என்று வெளிப்படையாகவே போட்டிருப்பார்களாம். கடைசியில் ஒருநாள் கண்ணாடிக்கு முன்னால் நின்று ‘யாய், யாய்’ என்று சொல்லிப் பழகினாராம். “பழகினாப் பிறகு அதை விடேலாமப் போச்சு.”

லொறெய்னுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. நிலூஜா மொழிபெயர்க்க வாயெடுத்தபோது, வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் நிலூஜா பேசினாள். குரல் சின்னதாக வந்தது.

“எனக்கு ஒன்பது வயசு. முதல் நாளே சிரிச்சவை. நானும் கண்ணாடிக்கு முன்னால நிண்டு பழகினனான்.”

அவள் சொன்னது வடக்குப் பேச்சில், அந்த ‘ஏ’ என்ற ‘நான்’ஓடு. ஆறு வருசத்துக்குப் பிறகு. அக்கா கையிலிருந்த டாக்கோ நழுவி இறைச்சியெல்லாம் மேசைவிரிப்பில் கொட்டிவிட்டது. “கொட்டினது எனக்குத் தெரியவேயில்லை” என்று என்னிடம் சொல்லும்போதும் அவருக்குக் கண் கலங்கியது. “என்ரை குஞ்சு கண்ணாடிக்கு முன்னால நிண்டது எனக்குத் தெரியாமப் போச்சே.”

ஒட்வார் நிலூஜாவை உற்றுப் பார்த்தார். “நீ எங்கை பிறந்தனி?” என்று கேட்டார்.

“ஹம்மர்பெஸ்டில.”

“அப்ப இந்த மேசையில ஹம்மர்பெஸ்டில பிறந்த ஆக்கள் நானும் நீயும்தான். மற்றவையெல்லாம் வெளியூர்” என்றார். லொறெய்ன் சிரித்தபடி தகரப் பெட்டியைத் திறந்தார். ஒட்வார் ஒரு சுருளைக் கடித்துவிட்டு, தன் தாயும் இதேமாதிரி ஏலக்காயை அள்ளிக் கொட்டுவார் என்றார். பெரித் இன்னொரு தடவை காப்பி போட்டார். சூரியன் போக மனமில்லாமல் யன்னலில் நின்றது. ஒருவரும் எழும்பவில்லை. அடுத்த நாள் சனிக்கிழமைப் பாட்டுப் பயிற்சிக்கு அக்கா தொண்டை கட்டிப்போய் வந்தார்.

லொறெய்ன் அடுத்த கிழமை ஹம்மர்பெஸ்டுக்குப் போவதாக இருந்தது. ஒட்வார் அந்தப் பக்கம் கால் வைத்து முப்பது வருசத்துக்கு மேல். தானும் வருவதாகச் சொன்னார். பிறகு நிலூஜாவும் வந்தால்தான் தான் வருவதாகச் சொன்னார். செபஸ்ரியன் அண்ணை முதலில் யோசித்தார். மகள் சாப்பாட்டு மேசையில் வடக்குப் பேச்சில் உப்புக் கேட்டதும் ஓமென்றுவிட்டார்.

ஹம்மர்பெஸ்டில் பார்ப்பதற்குப் பழைய வீடென்று ஒன்றும் இல்லை. எட்வினின் வீடு இருந்த இடத்தில் ஒரு வாகனத் தரிப்பிடம். லொறெய்ன் அதன் நடுவில் போய் நின்று சுற்றிப் பார்த்தார். நிலூஜா அவர்களைத் தன் பாலர் பள்ளிக்கும், தான் சறுக்கி விழுந்து பல் உடைத்த சரிவுக்கும், தாய் வேலை செய்த தொழிற்சாலை வாசலுக்கும் கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் வேலை முடிந்து வந்த ஒரு பெண் அவளை ஏற இறங்கப் பார்த்து, “நீ மக்டலீன்ரை பெட்டையெல்லோ!” என்று கட்டிப்பிடித்தார். அவர் வீட்டில்தான் அன்று சாப்பாடு. மீனும் உருளைக்கிழங்கும், மேலே உருக்கிய பன்றிக் கொழுப்பு. லொறெய்ன் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். ரோட்டில் கலைமான்கள் நடந்து போக, ஒட்வார் அவற்றை வடக்குப் பேச்சில் திட்டிக்கொண்டே வந்தாராம்.

லொறெய்ன் சியாட்டிலுக்குத் திரும்பினார். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் ஒட்வாரோடு தொலைபேசியில் கதைக்கிறார். ஒட்வார் கூடத்தில் இருந்தே கதைக்கிறார், கதவு திறந்தபடி.

அடுத்த கோடையில் நிலூஜா தானாகவே தாயிடம் போய், பேசாலைக்குத் தனியாகப் போகலாமா என்று கேட்டாள். தமிழில் கேட்டாள். அக்கா இரண்டு நாள் பயந்து, மூன்றாம் நாள் மேரியம்மாவுக்குத் தொலைபேசி அடித்துச் சொல்லிவிட்டார். நிலூஜா கோடை விடுமுறை முழுக்க அங்கேயே நின்றாள். ஓகஸ்ட் நடுவில் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது கறுத்து, மெலிந்து, தலையில் எண்ணெய் வழிய நின்றவளைச் செபஸ்ரியன் அண்ணைக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை.

மோர்டென்ஸ்ருட் ரயிலில் அவள் வாய் ஓயவில்லை. மடு மாதா கோயில் திருநாளுக்கு ஜெனிதா வீட்டோடு போய், மரத்தின் கீழ் படங்கு கட்டி, மூன்று கல் வைத்துச் சமைத்து, ஒரு கிழமை தங்கியிருக்கிறாள். பெருநாளுக்கு முதல் நாள், சனத்துக்குள் அவளைக் காணவில்லை என்று ஜெனிதா அழுதுகொண்டு ஒலிபெருக்கிக்காரரிடம் ஓடியிருக்கிறாள். நிலூஜா தொலைந்து போகவில்லை. ஐஸ்பழ வண்டிக்கு முன்னால் வரிசையில் நின்றிருந்தாள். அப்போதுதான் மரங்களுக்கு மேலால் அந்த அறிவித்தல் கேட்டது.

ரயிலில் அவள் எழும்பி நின்று, மூக்கைப் பிடித்து, அந்த ஒலிபெருக்கிக்காரரின் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்.

“பேசாலையைச் சேர்ந்த நிலூஜா! பேசாலையைச் சேர்ந்த நிலூஜா! நீங்கள் எங்கிருந்தாலும் உடனடியாக அறிவித்தல் நிலையத்துக்கு வரவும். உங்கள் உறவினர் உங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்!”

பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“போனனியே?” என்று அக்கா கேட்டார்.

“உடன போகேல்ல” என்றாள் நிலூஜா. “அவர் இன்னொருக்காச் சொல்லட்டும் எண்டு நிண்டனான்.”